தெரேசாவின் முகம்: அக்டோபர் குறிப்புகள்

அக்டோபர் 4

1582-இல் இதே நாள் இரவு, ஸ்பெயினின் ஆல்பா தே டோர்மெஸ் மடத்தில், கார்மேல் என்ற கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்த புனிதர் அவிலா தெரேசா இறந்தார். காலையிலிருந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவரை நேரில் உட்காரவைத்து வரைந்த ஓவியம் இது. 1576-இல் செவில் நகரில், ஹுவான் தே லா மிசேரியா என்ற கார்மேல் சபைச் சகோதரர் வரைந்தது. தெரேசாவுக்கு அப்போது 61 வயது. சபையில் அவருக்கு மேலதிகாரியான கிராசியான் உட்காரச் சொன்னார், தெரேசா கீழ்ப்படிந்தார். முடிந்ததும் பார்த்துவிட்டு, "கடவுள் உம்மை மன்னிக்கட்டும், என்னை அசிங்கமாக, பீளைக் கண்ணோடு வரைந்துவிட்டீரே" என்ற பொருளில் சொன்னாராம்.

எனக்கு அந்த முகம் பிடித்திருக்கிறது. மூடுவண்டியில் ஊர் ஊராகப் போய் மடங்கள் நிறுவியவரின் களைப்பு அதில் இருக்கிறது.

அக்டோபர் 7

ஓர் ஓவியம் ஒரு சுவரில்தான் தொங்கும். தெரேசாவை ஊர் ஊராகக் கொண்டுபோனது, படத்தைச் செதுக்கித் தாளில் அச்சிட உதவும் செப்புத் தகடு. அவருடைய தோழி ஆனா தே ஹெசுஸ் 1604-இல் பாரிசுக்கும், 1607-இல் பிரசல்சுக்கும் கார்மேல் மடத்தைக் கொண்டுபோனவர். அவருடைய முயற்சியில் 1613-இல் ஆண்ட்வெர்ப்பில் தெரேசாவின் வாழ்க்கை 25 அச்சுப்படங்களாக வந்தது. செதுக்கியவர்கள் அட்ரியன் கொல்லார்ட், கொர்னேலிஸ் கல்லே. அருளாளர் பட்டம் 1614-இல், புனிதர் பட்டம் 1622-இல். இரண்டுக்கும் முன்பே படங்கள் புறப்பட்டுவிட்டன! தெரேசாவைப் பார்த்தே இராத ஓவியர்கள் அந்தத் தாள்களைப் பார்த்து வரைந்தார்கள்.

அக்டோபர் 8

லினோவில் (செதுக்கி அச்சிட உதவும் மென்மையான விரிப்பில்), தெரேசா தன் காட்சியில் கண்ட வானதூதரைச் செதுக்கி அச்சிட்டேன். இடம் வலமாகிவிட்டது. அச்சைப் பார்த்து அப்படியே இன்னொரு தகட்டில் செதுக்கினால் மறுபடி திரும்பும். வானதூதர் தன் இடப்பக்கம் நின்றதாகத் தெரேசா தன்வரலாற்றில் தெளிவாக எழுதியிருக்கிறார். நகலெடுப்பவர் கவனிக்காவிட்டால் வானதூதர் வலப்பக்கம் போய்விடுவார்.

அக்டோபர் 12

அந்த வானதூதர் காட்சியைச் சிற்பி பெர்னினி வடித்த பளிங்குச் சிலை, ரோமில், 1647 முதல் 1652 வரை செய்தது. மனதை உலுக்கும் வேலைதான். ஆனால் அந்தக் காட்சியைக் கண்டபோதே தெரேசாவுக்கு நாற்பது வயது கடந்திருந்தது. பளிங்கில் இருப்பதோ இளம்பெண். இன்று தெரேசா என்றதும் பலருக்கு அவள்தான் நினைவுக்கு வருகிறாள். இது எனக்கு வருத்தம்.

அக்டோபர் 15

இன்று அவர் திருநாள். அவர் இறந்த மறுநாளே அக்டோபர் 15. புதிய நாள்காட்டிக்காக நடுவில் பத்து நாட்களை எடுத்துவிட்டார்கள்.

அப்புறம், ஹுவான் வரைந்த முகத்தைத் திருப்பிப் போட்டுச் செதுக்கினேன். அச்சில் நேராக வந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த சுருக்கம் ஒன்றைக்கூட விடவில்லை.