தசைத்துண்டு உறைவதற்கு முன்

முதல் ஆறு மாதத்தில் சேர்த்த 11 தசைத்துண்டுகளையும் என் ஆய்விலிருந்து விலக்க வேண்டி வந்தது. கர்ப்பப்பைத் தசையில் வேலை செய்ய வருகிற மாணவர்கள் யாராவது இதைப் படித்தால் அந்த ஆறு மாதம் அவர்களுக்கு மிஞ்சும் என்றுதான் எழுதுகிறேன்.

என் முனைவர் பட்ட வேலை ஹெச்எஸ்பி27 என்ற புரதம் பற்றியது. 1962-இல் ஃபெருச்சியோ ரிதோசா, பழ ஈக்கள் சூடுபட்டதும் அவற்றின் குரோமோசோம்களில் புதிய இடங்கள் உப்புவதைக் கண்டார். ‘வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள்’ என்ற பெயர் அந்த வழியில் வந்தது. ஹெச்எஸ்பி27 அவற்றில் ஒன்று. ஆனால் சூடு மட்டுமல்ல, செல்லுக்கு வேறு பல நெருக்கடிகள் வந்தாலும் இவை இறங்கி வேலை செய்யும். மற்ற புரதங்கள் உருக்குலைந்து கட்டிதட்டாமல் காக்கும். நிறைமாதக் கர்ப்பப்பைக்கு நெருக்கடிக்கா குறைவு? சுமார் 70 கிராம் இருந்த உறுப்பு 1,100 கிராம் ஆகிறது. 10 மில்லிலிட்டர் கொள்ளும் இடம் 5 லிட்டர் அளவுக்கு விரிகிறது. வலி எடுத்த பிறகு ஒவ்வொரு இறுக்கத்திலும் ரத்தக் குழாய்கள் நசுங்கி ஆக்சிஜன் குறைகிறது. தசை தளர்ந்ததும் ரத்தம் திரும்புகிறது. மணிக்கணக்கில் இதே கதை. அங்கே ஹெச்எஸ்பி27, தசை சுருங்க உதவும் ஆக்டின் என்ற புரத இழைகளுக்குத் துணை நிற்கிறது. அதன் 15-ஆவது அமினோ அமிலமான செரீனில் ஒரு பாஸ்பேட் ஏறினால் அதன் போக்கே மாறுகிறது. எலிகளில் இந்தப் புரதம் நிறைமாதத்தில் வெகுவாகக் கூடுவது 2005-இலேயே பதிவாகிவிட்டது. வலி எடுத்த பெண்களிடமும் எடுக்காத பெண்களிடமும் அந்த பாஸ்பேட் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பதுதான் என் பங்கு.

தசைத்துண்டு சிசேரியனின்போதுதான் கிடைக்கும். குழந்தை வெளியே வந்த பின், வெட்டிய இடத்தின் மேல் ஓரத்திலிருந்து ஒரு கொண்டைக்கடலை அளவுக்கு மருத்துவர் எடுத்துத் தருவார். இதற்கு ஒப்புதல் வேண்டும். வலியில் துடிக்கிற பெண்ணிடம் தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பது ஒப்புதலே ஆகாது என்பதில் என் வழிகாட்டி மேடம் உறுதியாக இருந்தார். அதனால் 34, 35 வாரத்தில் செக்கப்புக்கு வரும்போதே பேசிவிடுவோம். ஒப்புக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்குச் சுகப்பிரசவம் ஆகிவிடும், எனக்குத் துண்டு கிடைக்காது. அந்தச் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு நிறைவாகவே இருந்தது.

ஒரு பெண்ணின் அம்மா நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். “அப்ப சூட்டு வலியா, நெச வலியான்னு இதுல தெரிஞ்சிருமா கண்ணு?” என்றார். சீரகக் கஷாயம் குடித்து அடங்கினால் சூட்டு வலி, அடங்காமல் கூடினால் பிரசவ வலி என்று கணக்கு வைத்திருப்பவர். “இப்பத் தெரியாதும்மா. தசை எப்படி முழிச்சுக்குதுன்னு பாக்குறோம். அது புரிஞ்சா மாசத்துக்கு முன்னாடியே வலி வர்றவங்களுக்கு என்னிக்காவது உதவும்” என்றேன். அவர் மகளைப் பார்த்து, “போட்டுக் குடு” என்றார். அந்தக் கேள்வியைவிடச் சரியாக என் ஆய்வை நானே சொன்னதில்லை.

தவறு இங்கேதான் நடந்தது. துண்டை உப்புநீரில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து, எங்கள் ஆய்வகத்துக்கு எடுத்து வருவேன். வழியில் 25 நிமிடம் போகும். ஐஸில் இருக்கிறது, பத்திரம் என்று நம்பினேன். வெஸ்டர்ன் பிளாட் என்பது புரதங்களை ஜெல்லில் பிரித்து, சவ்வுக்கு மாற்றி, வேண்டியதை மட்டும் ஆன்டிபாடியால் பேண்டாக, அதாவது கரும்பட்டையாக, காட்டும் சோதனை. அதைப் போட்டுப் பார்த்தால், வலியே எடுக்காமல் தேதி குறித்துச் சிசேரியன் செய்துகொண்ட பெண்களிடமும் பாஸ்பேட் ஏறிய பேண்ட் கருகருவென்று இருந்தது. ஆன்டிபாடியைச் சந்தேகித்தேன், பஃபரை மாற்றினேன், ஜெல்லைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். மேடம் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “வெட்டினதுக்கும் உறைஞ்சதுக்கும் நடுவுல எத்தனை நிமிஷம்?”

அடுத்த துண்டை நான்காகப் பிரித்தோம். ஒன்றை உடனே திரவ நைட்ரஜனில் போட்டோம். மற்றவற்றை 5, 15, 30 நிமிடம் ஐஸில் வைத்துவிட்டுப் போட்டோம். மொத்த ஹெச்எஸ்பி27 நான்கிலும் ஒரே அளவு. பாஸ்பேட் ஏறிய பேண்ட் மட்டும் உடனே உறைந்ததில் மங்கலாகவும் 15 நிமிடத்தில் அடர்த்தியாகவும் இருந்தது. கத்தி பட்டது, ரத்தம் நின்றது, குளிர் ஏறியது. செல்லுக்கு ஒவ்வொன்றும் நெருக்கடிதான். நெருக்கடியை அளக்க வந்த நான் 25 நிமிடம் புதிதாக நெருக்கடி கொடுத்து அதை அளந்திருக்கிறேன். அன்று இரவு 11 ஒப்புதல் தாள்களையும் எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்கள் கொடுத்ததை நான் காப்பாற்றவில்லை.

நைட்ரஜனை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோக அனுமதி கிடைக்கவில்லை, அது நியாயமும்கூட. மூடிய அறையில் ஆவியானால் மூச்சுக்கு ஆபத்து. காற்றோட்டமான வராந்தாவில், கதவை ஒட்டி, சிறிய குடுவையை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். தியேட்டர் சிஸ்டர் ஒருவர் இதைத் தன் வேலையாகவே எடுத்துக்கொண்டார். டாக்டர் துண்டைக் கையில் கொடுத்ததும் கடிகாரத்தைப் பார்த்து உரக்க நேரம் சொல்வார். ஒரு முறை குளிர்ந்த உப்புநீரில் ரத்தம் போக அலசல், துணியில் ஒற்றல், குழாய், கதவு, குடுவை. வலி எடுத்த பின் சிசேரியனுக்கு வருபவர்கள் பெரும்பாலும் நள்ளிரவில்தான் வந்தார்கள். நானும் வராந்தா பெஞ்சில் காத்திருக்கப் பழகினேன்.

மற்றவை சுருக்கமாக. உறைந்த தசையை நைட்ரஜன் ஊற்றிக்கொண்டே கல்வத்தில் இடியுங்கள். நார்த்தசை, அரைகுறையாக உருகினால் ரப்பர் மாதிரி இழுக்கும். பாஸ்பேட்டைக் கழற்றும் நொதிகளைத் தடுக்கும் மருந்தை பஃபரில் அன்றன்று சேருங்கள். எல்லா மாதிரியிலும் ஒரே அளவு புரதம் ஏற்றியிருக்கிறோமா என்று ஒப்பிட ஆக்டினை நம்பாதீர்கள். கர்ப்பத்தில் இந்தத் தசையின் ஆக்டினே மாறுகிறது. நான் சவ்வில் மொத்தப் புரதத்துக்கும் சாயமேற்றிப் பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது ஒவ்வொரு குழாயின் மேலும் ஒப்புதல் எண்ணுக்குப் பக்கத்தில் வினாடிக் கணக்கையும் எழுதுகிறேன். 90-ஐத் தாண்டினால் அந்தக் குழாய் தனித் தட்டுக்குப் போகும். கடைசியாக வந்தது சூட்டு வலி பற்றிக் கேட்டாரே அந்த அம்மாவின் மகளுடையது. விடியற்காலை 3 மணி, பெண் குழந்தை. குழாயில் எழுதியது 41.