இன்ஸ்டன்ட் காபியில் கழுவிய கடல்

திருக்கடையூரில் பெரிய மாமாவின் அறுபதாம் கல்யாணம் முடிந்து, பந்தியிலிருந்து எழுந்த கையோடு வேனைத் தரங்கம்பாடிக்கு விடச் சொன்னது அத்தைதான், நானில்லை. இதை முதலிலேயே எழுதிவைத்துவிடுகிறேன். "போட்டோ எடுக்கிறேன்னு இவதான் எல்லாரையும் கடலுக்கு இழுத்துட்டுப் போனா" என்று இவர் மாயவரம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

கோயிலில் நான் கேமராவை வெளியே எடுக்கவே இல்லை. எடுக்க இடம் ஏது? முகூர்த்த நாளில் அங்கே எத்தனை தம்பதிகளோ அத்தனை வீடியோ குழு. எங்களுக்கு வாய்த்த பையன், மாமாவையும் மாமியையும் விரல்களைச் சேர்த்து இதயம் காட்டச் சொன்னான். கடன் கேட்டு வந்தவர் யாரையும் பார்த்துச் சிரித்தறியாத கூட்டுறவு வங்கிக்காரர் எங்கள் மாமா. காட்டினார். மாமிக்கு இதயம் வரவில்லை. பக்கத்துத் தம்பதியின் கையைப் பார்த்துக் காப்பியடித்தார்.

இந்த ஆர்ப்பாட்டத்தில் என் ஹோல்கா ஃபிலிம் கேமராவை யார் மதிப்பார்கள்? 1980களின் தொடக்கத்தில் ஹாங்காங்கில் பிறந்த ஜாதி அது. உடம்பும் பிளாஸ்டிக், லென்ஸும் பிளாஸ்டிக். ஷட்டருக்கு வேகம் ஒன்றே ஒன்று. வெயில், மேகம் என்று மேலே ஒரு குட்டி நெம்புகோல் இருக்கும். பழைய ஹோல்காக்களில் அதை எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒன்றும் மாறாது, நம் மன ஆறுதலுக்குத்தான். தூரத்தைக் குறிக்க லென்ஸைச் சுற்றி ஒரு ஆள், மூன்று ஆள், ஒரு கூட்டம், ஒரு மலை என்று படம் போட்டிருக்கிறார்கள். டெல்டாக்காரிக்கு மலை என்றால் சுவாமிமலைதான், அதுவும் கட்டுமலை. ஆகவே நான் கடலுக்கு மலையை வைத்துக்கொள்கிறேன்.

பின்மூடி கழன்று வெளிச்சம் புகாமலிருக்கக் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கும். தரங்கம்பாடிக் கோட்டை வாசலில் ஒரு வாண்டு வெகுநேரம் அதையே உற்றுப் பார்த்துவிட்டு, "அக்கா, அமுக்குனா தண்ணி வருமா?" என்று கேட்டான். இவரோ தன் டிஜிட்டல் கேமராவைப் பையைவிட்டு எடுக்கவே இல்லை. உப்புக்காற்றாம், மணலாம். இத்தனை விலை கொடுத்து வாங்கியதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் படம் எடுப்பேன் என்பவரிடம் என்ன பேசுவது.

அத்தை கேமராக்களை அறிந்தவர். மாமனார் வைத்திருந்த ஆக்பா கிளிக் த்ரீ இன்னும் எங்கள் பரணில்தான் இருக்கிறது. பரோடாவில் செய்தது. ஹோல்காவைப்போல அதுவும் 120 என்கிற அகல ஃபிலிம் ரோல், அதுவும் பன்னிரண்டே படம். அதனால் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு என்றதும் இவரைப்போல "அவ்வளவுதானா?" என்று கேட்காத ஒரே ஜீவன் அத்தை. டேனிஷ்காரர்கள் 1620இல் கட்ட ஆரம்பித்த கோட்டையைக் காட்டி, "அங்க நிக்கிறீங்களா அத்தை?" என்றேன். "வெள்ளைக்காரன் வீட்டு முன்னால எதுக்கு?" என்று மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் நடந்துவிட்டார். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழுந்த கோயில். பெரும்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. "மிச்சம் இருக்கறதையாவது எடுத்து வை" என்றார்.

கறுப்புவெள்ளை ரோலில் ஐந்தை அவருக்கே கொடுத்தேன். அந்தக்காலத்துப் பழக்கம்: மூச்சை அடக்கி, கண்ணிமைக்காமல், கைகளைத் தொங்கவிட்டு நிற்கிறார். அலை வந்து புடவைக் கரையை நனைத்தபோதும் அசையவில்லை.

"எடுத்தாச்சா?"

"ஆச்சு அத்தை."

"சத்தமே வரலையே?"

ஹோல்கா சத்தம் அவ்வளவுதான். ஃபிலிமை நகர்த்தாமல் இன்னொரு முறை அமுக்கினாலும் அது தடுக்காது. ஒன்றின்மேல் ஒன்றாக விழும். ஒரு படத்தை வேண்டுமென்றே அப்படி எடுத்தேன், அத்தைமேல் கோயில்.

எடுத்தாகிவிட்டது, கழுவுவது யார்? கடைத்தெரு ஸ்டுடியோக்காரரிடம் கேட்டால், "ஊட்டி பிலிம் கம்பெனியையே மூடியாச்சும்மா, நீங்க எங்கேருந்து வர்றீங்க?" என்று சிரித்தார். அந்த ஊட்டிக் கம்பெனியின் 'இந்து' ஃபிலிமில் எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பாஸ்போர்ட் சைஸ் எடுத்துக் கொடுத்தவர். சென்னைக்கு அனுப்ப எனக்குப் பொறுமையில்லை. காஃபினால் என்று ஒரு வழி இருக்கிறது. கோடக்கின் சொந்த ஊரான ராச்செஸ்டரில், 1995இல், ஒரு பேராசிரியர் தன் மாணவர்களோடு காபியில் ஃபிலிம் கழுவிப் பார்த்ததிலிருந்து பிடித்துக்கொண்டது. காபியிலிருக்கும் ஒரு அமிலம்தான் வேலைக்காரன். அதற்குக் காரம் வேண்டும், அது வாஷிங் சோடா; ஆப்ப சோடா ஆகாது. கூடக் கொஞ்சம் வைட்டமின் சி. லிட்டருக்கு 40 கிராம் இன்ஸ்டன்ட் காபி, 54 கிராம் சோடா, 16 கிராம் வைட்டமின். கடைசியில் படத்தை நிலைக்கவைக்க ஹைப்போ. மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும்.

20 டிகிரியில் 15 நிமிடம் என்கிறது கணக்கு. எங்கள் குழாயில் வருவது பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்டும் தண்ணீர். ஃபிரிட்ஜிலிருந்த ஐஸ் எல்லாம் பாத்ரூமுக்குப் போயிற்று. அதையெல்லாம் அத்தை பொறுத்துக்கொண்டார். கலவையின் நாற்றத்தையும், ஈரச்சாக்கைக் கொளுத்தியதுபோல் இருக்கிறது என்று பக்கத்து வீட்டு அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு விசாரிக்க வந்ததையும்கூடப் பொறுத்துக்கொண்டார். சமையல் மேடையிலிருந்த பாட்டிலைப் பார்த்ததும்தான் குரல் மாறியது.

"நம்ம வீட்ல இன்ஸ்டன்டா?"

"குடிக்க இல்ல அத்தை, படம் கழுவ."

"வாங்கறப்ப யாராவது பார்த்திருப்பாங்கல்ல?"

அதானே! நான் பாட்டிலை வாங்கியது அண்ணாச்சி கடையில். தினமும் புதிதாக அரைத்த பீபெரியும் அளவான சிக்கரியும் வாங்கும் வீடு இன்ஸ்டன்டுக்கு இறங்கிவிட்டது என்று இந்நேரம் பட்டமங்கலத் தெரு வரை போயிருக்கும். அமெரிக்காவில் கண்டுபிடித்தது என்று சொல்லிப் பார்த்தேன். "அவங்களுக்கு ஃபில்டர் இல்ல, பாவம்" என்றார்.

படம் வந்தது. பழுப்பேறிய நெகட்டிவை ஃபோனில் எடுத்து வெளுப்பும் கறுப்பும் மாற்றிப் பார்த்தால், ஓரமெல்லாம் இருண்டு, நடுவில் அத்தை. வயிற்றுக்குள் கோயில் தெரிகிறது, முழங்காலுக்குக் கீழே கடல். அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மாமனாருடன் அதே கரையில் கிளிக் த்ரீயில் எடுத்த படம் ஒன்று ஆல்பத்தில் உண்டு. அதை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் தோள்பட்டையில் குறுக்கே ஓடிய வெள்ளைக் கோட்டைத் தொட்டு, "இது என்ன?" என்றார்.

"மூடி இடுக்கில வெளிச்சம் புகுந்திருக்கு அத்தை. இந்தக் கேமராவுக்கு அதுதான் அழகே."

"வெளிச்சமெல்லாம் இல்ல. இன்ஸ்டன்ட்ல கழுவினா இப்படித்தான் வரும்."

மறுநாள் காலையிலிருந்து ஃபில்டரில் இரண்டாம் டிகாக்‌ஷன் இறக்கி, ஒரு எவர்சில்வர் டம்ளரில் மூடி ஃபிரிட்ஜில் வைக்க ஆரம்பித்துவிட்டார், அடுத்த ரோலுக்காம். ரோல் விற்கிற விலையில் அடுத்தது எப்போது என்று எனக்கே தெரியாது. நேற்று ராத்திரி கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த இவர் அதை எடுத்துப் பால் ஊற்றிச் சூடு பண்ணிக் குடித்துவிட்டு, "காபி ஏன் இன்னிக்குத் தண்ணியா இருக்கு?" என்றார்.

அத்தை படுத்த இடத்திலிருந்தே அலறினார்: "டேய், அது படம் கழுவ வெச்சிருந்ததுடா!"

இவர் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினார். சோடா இன்னும் கலக்கவில்லை என்பதை நானும் சொல்லவில்லை, அத்தையும் சொல்லவில்லை.