மூன்றாம் வார்த்தை

திருகோணமலையில் நாங்கள் படித்த கல்லூரியின் பழைய மாணவிகள் சங்க மலர்க் குழுவில் இருக்கும் தங்கச்சி என்னிடம் எழுதக் கேட்டது நம் காலத்து வலைப்பந்தாட்டத்தைப் பற்றி. அதை எழுத என்னைவிட நன்றாக விளையாடியவர்கள் லண்டனிலும் டொரொன்டோவிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பெரும்பாலும் கரையில் இருந்து மற்றவர்களின் செருப்பைப் பார்த்துக்கொண்டவள். ஆகவே சமய பாட வகுப்பைப் பற்றி எழுதுகிறேன். சைவ, இஸ்லாமியத் தோழிகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுபதுகளின் நடுப்பகுதி. சமய பாட மணி அடித்தால் வகுப்பு நாலாகப் பிரியும். சைவப் பிள்ளைகள்தான் கூட்டம். மெதடிஸ்தப் பிள்ளைகளும் ஒன்றிரண்டு அங்கிலிக்கன் பிள்ளைகளும் சேர்ந்தால் இரண்டு வாங்குகூட நிரம்பாது. எங்களுக்குப் படிப்பித்த டீச்சரின் பெயரை எழுதவில்லை. அச்சில் தன் பெயரைப் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. குடையை மடக்காமல் வகுப்புக்குள் வருகிறவர் என்றால் அந்தக் காலத்தவர்களுக்கு விளங்கும்.

ஒரு லெந்து காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்திய தபசு நாட்களில், அவர் கேட்டார்: "உங்கட வீடுகளில ஆருக்கு என்ன சிலுவை?"

அம்மம்மாவின் முழங்கால் வாதம் என்றாள் ஒருத்தி. தகப்பனின் குடி என்றாள் இன்னொருத்தி, மெல்லமாக. நான் கணக்குப் பாடம் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், டீச்சரைத் தவிர.

"முழங்கால் நோ அம்மம்மாவக் கேட்டே வந்தது? அது வருத்தம். எண்ணெய் பூசோணும், ஆசுப்பத்திரியில காட்டோணும். தகப்பன் குடிச்சால் அதுவும் வருத்தம்தான், அவரைத் திருத்தப் பாக்கோணும். எல்லாத்தையும் சிலுவை எண்டு சொல்லிப்போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கப்படாது" என்றவர், கரும்பலகையில் லூக்கா 9:23ஐ எழுதினார். தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு என்னைப் பின்பற்றக்கடவன். இதே பேச்சு மத்தேயுவிலும் மாற்குவிலும் இருக்கிறது. அனுதினமும் என்பது லூக்காவில் மட்டும். "ஒருக்காச் சாகிறது லேசு பிள்ளையள். நாளாந்தம் எடுக்கிறதுதான் பாடு. அதுவும் இன்னொருத்தருக்காக எடுக்கிறது."

சிலுவை என்றால் எங்களுக்கு அப்போது கழுத்துச் சங்கிலியில் தொங்குவது. அந்தப் பேச்சை முதலில் கேட்ட கலிலேயர்களுக்கு அது தெருவோரத்தில் கண்ட காட்சி. ஏரோது இறந்த கி.மு. 4இல் யூதேயாவில் எழுந்த கலகத்தை அடக்க வந்த உரோம ஆளுநர் வாருஸ், ஏறக்குறைய 2000 பேரைச் சிலுவையில் அறைந்தான் என்று யூத வரலாற்றாசிரியர் ஜோசீபஸ் எழுதியிருக்கிறார். அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரிய சாவு அது. உரோமக் குடியுரிமை உள்ளவனுக்குப் பெரும்பாலும் அந்தத் தண்டனை இல்லை. அவமானம் அதில் பாதி. கிறிஸ்தவர்களே முதல் சில நூற்றாண்டுகள் சிலுவையைப் பகிரங்கமாக வரையத் தயங்கினார்கள். இதெல்லாம் நான் பின்னாளில் வாசித்தது. டீச்சர் சொன்னது ஒரு வரிதான்: "தூக்குக் கயித்தைப் பவுணில செய்து போடுவியளோ?" அதன் பிறகும் நாங்கள் சங்கிலியைக் கழற்றவில்லை. அவரும் கழற்றச் சொல்லவில்லை.

பெரிய வெள்ளியன்று பகல் பன்னிரண்டு மணி தொடக்கம் மூன்று மணி வரை ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பிரசங்கம். ஏப்ரல் மாதத்துத் திருகோணமலை வெயிலைத் தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை. டச்சுக்குடாக் காற்றும் அந்த நேரம் பார்த்துப் படுத்துவிடும். வெள்ளைச் சேலைகள், விசிறிகளாக மாறிய பாட்டுத் தாள்கள். முதலாவது வார்த்தை மன்னிப்பு, இரண்டாவது கள்ளனுக்குப் பரதீசு, பேசுகிறவர்களுக்கு உற்சாகம். நாலாவது "ஏலி, ஏலி, லாமா சபக்தானி", என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர் என்ற கதறல். அதற்கு எப்போதும் பெரிய ஐயர்தான், சபையின் மூத்த போதகர். இடையில் மூன்றாவதுக்கு, தாய் மரியாளைச் சீஷன் யோவானிடம் ஒப்படைக்கும் வார்த்தைக்கு, யாரையாவது பிடித்து விடுவார்கள். அவரும் தாயன்பைப் பற்றி நாலு வசனம் சொல்லி இறங்கிவிடுவார்.

டீச்சருக்கு அது பெரிய குறை. யோவான் 19ஐ வகுப்பில் விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்: "அண்டைக்கு இரவு யோவானுடைய வீட்டில ஆர் சமைச்சது?"

நாங்கள் முழித்தோம்.

சாகிற மனுசன், மூச்சு விடவே நெஞ்சைத் தூக்க வேண்டிய நிலையில், தாயைச் சீஷனிடம் ஒப்படைக்கிறார். அந்நேரமுதல் அந்தச் சீஷன் அவளைத் தன்னிடமாய் ஏற்றுக்கொண்டான் என்று வேதம் சொல்கிறது. அப்படியானால் அன்றிரவே ஒரு பாய் விரிக்கப்பட்டிருக்க வேண்டும். அழுது களைத்த ஒரு தாய்க்கு யாரோ ஒரு வாய் ஊட்டியிருக்க வேண்டும். சிலுவையடியில் நடந்த முதல் வேலை அதுதான் என்பது டீச்சரின் கட்சி. உலகத்தின் பாவம், மீட்பு, பிதாவின் சித்தம் எல்லாம் அந்த மரத்தில் இருக்கிறது. அதே மரத்தில் ஒரு வீட்டு ஒழுங்கும் இருக்கிறது. ஏழு வார்த்தைகளிலும் குசினிக்குக் கிட்டவாக இருப்பது மூன்றாவது என்று எனக்கு இன்றைக்கும் படுகிறது.

பாடசாலை விட்டு நடந்து வரும்போது என் கத்தோலிக்கச் சிநேகிதியோடு வாக்குவாதம். உங்கள் சிலுவையில் ஆளே இல்லை என்பாள் அவள். அவர் உயிர்த்துவிட்டார் என்பேன் நான். குவாதலூப்பே மாதா கோயில் வந்ததும் அவள் குறுக்காகச் சிலுவை அடையாளம் போட, அன்றைய சண்டை முடியும். ஆனால் அவளிடம் சிலுவைப் பாதையின் பதினான்கு தலங்களும் மனப்பாடமாக இருந்தன. ஐந்தாம் தலத்தில் சிரேனே ஊர்ச் சீமோன் வருகிறான். வயலிலிருந்து வந்துகொண்டிருந்தவனைப் பிடித்து இயேசுவின் சிலுவையைப் பலவந்தமாகச் சுமக்க வைத்தார்கள். அவன் விரும்பி எடுக்கவில்லையே, அப்போது அது சிலுவை இல்லையா என்று கேட்டு அவள் என்னை மடக்கினாள். நான் அதை டீச்சரிடம் கொண்டுபோனேன். அவர் கனநேரம் யோசித்துவிட்டு, "அதுக்கு எனக்கு மறுமொழி தெரியாது" என்றார். அவர் மேல் மதிப்புக் கூடியது அன்றைக்குத்தான்.

மறுமொழி ஊரில்தான் கிடைத்தது, அதுவும் அரைகுறையாக. 1983 கலவரத்திலும் பிறகு 1990 சண்டையிலும் எங்கள் வீடுகளுக்குள் வந்து தங்கியவர்களை யாரும் அழைக்கவில்லை. கதவு தட்டப்பட்டது, அம்மா திறந்தார், அவ்வளவுதான். அடுத்த நாள் அரிசி போதாதபோதும் அம்மா கதவைச் சாத்தவில்லை. தோளில் ஏற்றப்பட்டது எந்த நேரத்தில் எடுக்கப்பட்டதாக மாறுகிறது என்று கேட்டால் அந்த இரண்டாம் நாள் காலை என்று சொல்வேன்.

கிழக்கு மாகாணத்தவர் எல்லாருக்கும் தெரிந்த ஒருவரையும் சொல்ல வேண்டும். நியூ ஒர்லியன்ஸ் மாகாண இயேசு சபையிலிருந்து நம் பக்கம் வந்து, பிள்ளைகளுக்குக் கூடைப்பந்தாட்டம் பழக்கிய அமெரிக்கரான யூஜின் ஹேபெர் அடிகளார். 1990இல் கலவரத்துக்குள் அகப்பட்டவர்களுக்கு உதவ வாழைச்சேனைக்குப் போனவர், ஆகஸ்ட் 15ஆம் திகதி, மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, பேட்ரம் பிரான்சிஸ் என்ற இளைஞரோடு ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குத் திரும்பினார். இருவரும் வந்து சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அமெரிக்கக் கடவுச்சீட்டோடு எப்போதோ ஊருக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. புலம்பெயர்ந்த இடத்துச் சபை ஒன்றில், கணவனின் அடியைத் தாங்க முடியாமல் வந்த ஒரு பெண்ணிடம், "இது உங்கட சிலுவை, பொறுமையாச் சுமவுங்கோ" என்று சொல்லி அனுப்பினார் ஒருவர். வேதம் நன்றாகத் தெரிந்தவர்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன் சிலுவையை எடுக்கச் சொன்னவர், அடுத்தவள் தோளில் ஏற்றச் சொல்லவில்லை. அவர் தன் தாயிடம், பொறுத்துக்கொண்டு இங்கேயே நில் என்று சொன்னாரா? பத்திரமான ஒரு வீட்டைக் காட்டி அனுப்பினார். அடிக்கிற கை அடிக்கிறவனின் பாவம். அதற்கு பொலிஸ் இருக்கிறது, வழக்கறிஞர் இருக்கிறார், டீச்சரின் கணக்கில் எண்ணெயும் ஆசுப்பத்திரியும்.

அந்தப் பெண்ணை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோனவர் நம் கல்லூரியின் பழைய மாணவி, சைவக்காரி. சமய பாட நேரத்தில் மண்டபத்துக்குப் போனவள். யோவான் 19 அவளுக்குத் தெரியாது. பிள்ளைகள் வெளிக்கிட்டுப் போனதால் மேல்மாடி அறை சும்மா கிடக்கிறது என்று மட்டும் சொன்னாள். நாங்கள் சிலர் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோனோம். அந்தப் பெண் இப்போது வேலைக்குப் போகிறாள், தனி வீடு பார்த்துவிட்டாள். நம்முடைய கடந்த ஒன்றுகூடலில் நீங்கள் எல்லாரும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிய நண்டுக்கறி அவள் வைத்தது.

மேல்மாடி அறை மறுபடி காலி. அவ்வளவு பெரிய வீடு இல்லாதவர்களிடமும் ஒரு சோபாவாவது இருக்கும். விருப்பமானவர்கள் சங்கச் செயலாளரிடம் பெயரைக் கொடுத்து வையுங்கள். கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்றில்லை.