அம்புலன்ஸ் வர்றதுக்கு முன்னாடி

போன மாசம் பென்ஷன் ஆயிட்டேன். பினாங்குல அம்புலன்ஸ்லயே முடி நரைச்ச ஆளு, இப்ப எங்கயாச்சும் சைரன் கேட்டா காது தானா அந்தப் பக்கம் போவுது, வீட்டுக்காரம்மா சிரிக்கிறாங்க. தோட்டத்துல பொறந்தவன் நான், எங்கப்பா காலத்துல புண்ணுக்கு கட்டு போட்டு மருந்து குடுக்கிற டிரஸ்ஸர்தான் எல்லா நோய்க்கும் டாக்டர். மூனு வருஷம் டிப்ளோமா படிச்சிட்டு அம்புலன்ஸ்ல நோயாளிய பாக்குற இந்த வேலைக்கு வந்தேன், சொந்தக்காரங்க இன்னிக்கும் என்னைய அம்புலன்ஸ் டிரைவர்னுதான் நெனைக்கிறாங்க, அத விடுங்க.

அவசரத்துக்கு கூப்புட்ற நம்பரு, 2007க்கு முன்னாடி பொம்பாவுக்கு, அதாவது தீயணைப்புக்கு 994, சிவில் டிஃபென்ஸுக்கு 991, அப்புறம்தான் எல்லாம் 999க்குள்ள வந்துச்சு. நம்பர் ஒன்னாச்சு, ஜாம் கொறையலயே. சாயங்காலம் ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம் பக்கம் போயிப் பாருங்க தெரியும். அதத் தாண்டி போனா பழைய பிளாட்ல லிஃப்ட் எல்லா மாடியிலயும் நிக்காது, நின்னாலும் ஸ்ட்ரெச்சர படுக்க வாக்குல உள்ள விட முடியாது. ஆனா இதயம் நின்னுபோன ஆளுக்கு, யாரும் நெஞ்ச அமுக்காம விட்டா, ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பொழைக்கிற வாய்ப்பு 7லேர்ந்து 10 சதவீதம் கொறஞ்சிகிட்டே போவும். கணக்கு போட்டா நாங்க எப்படி வெரசா வந்தாலும் லேட்டுதான், அந்த நேரம் வீட்ல இருக்கிறவங்க கையிலதான் இருக்கு.

வீட்ல என்ன நடக்கும்னா, அய்யா சோபாவுல சாஞ்சிருப்பாரு, ஒருத்தங்க நெத்தியில கோடாலி தைலம் தேய்ப்பாங்க, ஒருத்தர் வாயில தண்ணி ஊத்துவாரு, கையில சாவிக்கொத்து வேற. "மூச்சு இருக்கு தம்பி, கொறட்ட விடுறாரு பாருங்க"ம்பாங்க. அது கொறட்ட இல்ல, இதயம் நின்னப்புறமும் கொஞ்ச நேரம் விட்டு விட்டு இழுக்கும், அத மூச்சுன்னு நம்பிதான் பல பேரு கைய கட்டிகிட்டு நிக்கிறாங்க. உடனே தரையில எறக்கணும், சோபாவுல வச்சு அமுக்குனா சோபாதான் அமுங்கும்.

அதனாலதான் லீவு நாள்ல கோயில் மண்டபம், தமிழ்ப்பள்ளி ஹால்னு, நெஞ்ச அமுக்கிப் பழகுற பொம்மைய தூக்கிகிட்டு சொல்லிக் குடுக்கப் போக ஆரம்பிச்சேன். நான் படிச்சப்ப நெஞ்சுல 15 அமுக்கு, வாயில 2 ஊது, 2005க்கு அப்புறம் 30க்கு 2, இப்ப ஊதத் தெரியலன்னா பரவால்ல அமுக்கிகிட்டே இருங்கன்னு பொதுமக்களுக்கு சொல்றோம். அஞ்சு சென்டிமீட்டர் கீழ போவணும், ஆறுக்கு மேல வேணாம், நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120. தமிழ்ல எண்ணிகிட்டே செஞ்சா பத்து வரைக்கும் ஜோரா போவும், "இருபத்தி மூனு, இருபத்தி நாலு"ன்னு வந்ததும் வாய் நீளுது, கையும் கூடவே ஸ்லோவாயிரும். அதனால ஒன்னுலேர்ந்து பத்து வரைக்கும் மூனு தடவ எண்ணச் சொல்லிருவேன். "எலும்பு ஒடிஞ்சிருமேப்பா"ன்னு அக்காமாருங்க பயப்படுவாங்க, ஒடிஞ்சா ஒட்டிக்கும்கா, மொதல்ல ஆளு இருக்கணும்ல.

எங்க வேலைக்கு படிக்கிற காலேஜ் புள்ளைங்க வேற ரகம். சரியா அமுக்குனா பச்சை லைட் எரியுற பொம்மை வந்ததுலேர்ந்து அதுங்க கண்ணு லைட்டுலயே இருக்கு, நான் லைட்ட அணைச்சு வச்சிருவேன், திட்டுவாங்க. தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை முருகன் கோயில் டூட்டிக்கு கூட்டிகிட்டு போனா பாடம் இன்னும் நல்லா ஏறும். மேல 513 படி, வெயிலு, காதப் பொளக்கிற உறுமி, ஸ்டெத்த காதுல மாட்டுனா ஒன்னும் கேக்காது. மணிக்கட்டுல நாடிய புடிச்சிகிட்டே, கையில கட்டுன பிரஷர் பட்டையோட காத்த மெதுவா எறக்கு, நாடி திரும்ப தட்டுற எடம்தான் பிரஷரோட மேல் நம்பர்னு சொல்லிக் கொடுப்பேன். கீழ் நம்பர் எழுதலையேன்னு ஒரு பொண்ணு மொகம் வாடி வந்து நின்னுச்சு. விரலால பாத்தா அது கெடைக்காதும்மா, நீ அடுத்த ஆளப் பாருன்னு அனுப்பிட்டேன்.