உம் கொட்டத் தெரியாதவள்

மார்ச் 2, 2025, ஞாயிறு

மாலையில் அப்பா எதிரே வந்து உட்கார்ந்து, மழையில் வண்டியோடு பள்ளத்தில் இறங்கிய கதையை ஆரம்பித்தார். பலமுறை கேட்ட கதை. என் கையில் போன். அலுவலகக் குழுவில் யாரோ கேட்டதற்குப் பதில் தட்டிக்கொண்டே "உம்... உம்..." என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் அவர் நிறுத்தினார். அதற்கும் "உம்" என்றேன். நிமிர்ந்தால், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏதோ கேள்வி கேட்டிருக்கிறார் போல.

"என்னப்பா கேட்டீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. நீ பாரு."

கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எழுந்து போய்த் தன் போனை எடுத்துக்கொண்டார். அடுத்த அரை மணி நேரம் வீட்டில் அவர் பார்த்த வீடியோக்களின் சத்தம் மட்டும்தான்.

மார்ச் 4, செவ்வாய்

அந்த 'உம்' இன்னும் உறுத்துகிறது. கதை கேட்பவர் உம் கொட்டாவிட்டால் சொல்பவர் நிறுத்திவிடுவார் என்பது குழந்தைக்கும் தெரியும். தப்பான இடத்தில் கொட்டினால் என்ன ஆகும்? தேடியதில் ஒரு நல்ல ஆய்வு கிடைத்தது. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேனட் பாவெலாஸும் வேறு இருவரும் 2000-இல் வெளியிட்டது. ஒருவர் தான் மயிரிழையில் தப்பித்த சம்பவத்தைச் சொல்ல வேண்டும். கேட்பவர்களில் சிலருக்கு மட்டும் ஒரு வேலை: 't' எழுத்தில் தொடங்கும் ஆங்கிலச் சொல் வரும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும்.

அவர்கள் ஒவ்வொரு சொல்லையும் உன்னிப்பாகத்தான் கேட்டார்கள். ஆனால் பயப்பட வேண்டிய இடத்தில் முகம் மாறவில்லை, "ஐயோ" வரவில்லை. கெட்டுப்போனது சொன்னவரின் கதை. முக்கியமாக, முடிவு. சிலர் சட்டென்று முடித்துவிட்டார்கள், சிலர் முடிவையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள், சிலர் "அது எவ்வளவு ஆபத்து தெரியுமா" என்று விளக்கம் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

இதைப் படித்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன். அப்பா இப்போதெல்லாம் கதையின் முடிவை இரண்டு தடவை சொல்கிறார். வயதாகிவிட்டது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!

ஆய்வு நடந்தபோது இன்றைக்கு இருப்பது போன்ற போன் யார் கையிலும் இல்லை. பொத்தான் இருந்தது, அவ்வளவுதான்.

மார்ச் 5, புதன்

தோழியிடம் சொன்னேன். போன் கண்ணெதிரே இருந்தாலே பேச்சு கெட்டுவிடும் என்றாள். அப்படி ஓர் ஆய்வு இருப்பது உண்மைதான். 2012-இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் வெளியிட்டது. முன்பின் தெரியாதவர்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்துப் பத்து நிமிடம் பேசவிட்டார்கள். பக்கத்தில் சிலருக்குப் போன், சிலருக்கு நோட்டுப் புத்தகம். போன் இருந்த இடத்தில் நெருக்கம் குறைவு. ஆனால் 2018-இல் வேறு சிலர் அதையே திரும்பச் செய்து பார்த்தபோது அந்த முடிவு வரவில்லை. சும்மா கிடக்கும் போன் மேல் பழி போடுவதில் எனக்கும் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஞாயிற்றுக்கிழமை உம் கொட்டியது போன் இல்லை.

பேச்சுக்கு நடுவே தோழி இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். சரி, கிளம்பச் சொல்கிறாள் என்று எழுந்துவிட்டேன். "ஏய், உக்காரு, மெசேஜ் வந்துச்சு" என்றாள். மணி பார்த்தால் 'கிளம்பு' என்று அர்த்தம் கொண்ட கடைசித் தலைமுறை நான்தான் போலிருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

இன்று போனை உள்ளறை அலமாரியில் வைத்தேன். அங்கே அப்பாவின் வண்டிச் சாவி கிடந்தது. வழக்கமாக வாசல் ஆணியில் தொங்குவது. அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டு வந்து அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"போன் ரிப்பேரா?" என்றார்.

"இல்லப்பா, சும்மா."

"ஏதாவது சொல்லணுமா?"

நேர்முகத் தேர்வுக்கு வந்தவர் மாதிரி இருவரும் உட்கார்ந்திருந்தோம். என்ன பேசுவது? கடைசியில் அவர்தான் தன் போனை எடுத்து, யாரோ அனுப்பிய பழைய குழுப் படம் ஒன்றைக் காட்டினார். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஒவ்வொரு முகமாக இவர் இன்னார், இவர் கடன் வாங்கித் திருப்பித் தராதவர், இவர் நன்றாகப் பாடுவார் என்று சொல்லிக்கொண்டே போனார். முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை. போனை ஒதுக்கிவைத்துப் பேச உட்கார்ந்தவளுக்குப் பேச்சு கிடைத்தது போனிலிருந்துதான். இதையும் எழுதிவைக்கத்தானே வேண்டும்.

மார்ச் 12, புதன்

நாள் முழுக்கக் கூட்டங்கள். எல்லாரும் மரியாதையாகப் போனைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அது அதிரும்போதெல்லாம் பேசுகிறவரே நிறுத்தி, "முக்கியம்னா பாத்துக்கங்க" என்றார். யாரும் பார்க்கவில்லை. ஆனால் அவர் விட்ட இடத்தை மறந்துவிட்டார்.

மார்ச் 16, ஞாயிறு

துவைத்த துணிகளைக் குவித்துப் போட்டு, நானும் அப்பாவும் மடித்துக்கொண்டிருந்தோம். கைக்கு வேலை இருந்ததாலோ என்னவோ, போன வாரத்துச் சங்கடம் இல்லை. மழைக் கதை மறுபடி வந்தது. இந்தத் தடவை உம் கொட்டாமல், "பிரேக் பிடிக்கலையாப்பா?" என்று கேட்டேன்.

கையில் இருந்த சட்டை அப்படியே நின்றது. "பிரேக்கெல்லாம் பிடிச்சுது. பள்ளம்தான் என் கண்ணுக்குத் தெரியல."

இத்தனை வருடத்தில் இதை அவர் சொன்னதே இல்லை. அல்லது, சொல்லி நான் கேட்டதில்லை.

"இப்பவும் அப்படித்தான் இருக்கு. சாயங்காலம் ஆனா ரோடு மங்கலாயிடுது. அதான் வண்டிய விட்டுட்டேன்."

"விட்டுட்டீங்களா? எப்போ?"

"அன்னைக்கு உன்கிட்ட கேட்டேனே, இனிமே வண்டி எடுக்காம இருந்துடவான்னு. நீ 'உம்'ன. சரின்னு சாவிய அலமாரியில வச்சிட்டேன்."

இரண்டு வாரமாக எங்கே போவதென்றாலும் நடந்துதான் போயிருக்கிறார். நான் கவனிக்கவில்லை.

கண் டாக்டரிடம் போகலாம், இப்போதே நேரம் கேட்டுவிடுகிறேன் என்றேன். கை தானாகத் துணிக் குவியலுக்குள் போனைத் துழாவியது. அது உள்ளறையில் இருந்தது.

"டாக்டர் எங்கயும் போயிட மாட்டார்" என்றார் அப்பா. "மீதிக் கதையக் கேளு. பள்ளத்துல விழுந்தோமா..."