முதுகுவலி நிபுணரைப் பார்க்கப் போகிறீர்களா? ஸ்கேனை கடைசியில் நீட்டுங்கள்

அறைக்குள் நுழைந்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் நீட்டுவது எம்ஆர்ஐ அறிக்கையை. "டிஸ்க் பிதுங்கியிருக்காம் டாக்டர்" என்று பேச்சு தொடங்கினால், கிடைக்கும் பத்து நிமிடத்தில் பாதி அதிலேயே கரைந்துவிடும். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைப் பற்றிய ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்தார்கள். இருபது வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை) பிதுக்கம். எண்பதில் 84 சதவீதம். படத்தில் இருப்பதும் உங்கள் வலி நடந்துகொள்ளும் விதமும் பொருந்துகிறதா என்பதுதான் நிபுணரின் கேள்வி. அதில் பின்பாதியை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அதற்கு அரைப்பக்கக் குறிப்பு போதும். வலி எங்கே தொடங்கி எதுவரை இறங்குகிறது என்று ஒரு உடல் படம் வரைந்து கோடு போடுங்கள். காலின் வெளிப்பக்கமாக வந்து பாதத்தின் மேல்புறம், கட்டைவிரல் வரை போனால், கீழ்முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்புகளில் எல்-5 நிபுணருக்கு நினைவுக்கு வரும். பின்தொடை, கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் பக்கம் போனால் எஸ்-1. குதிகாலில் நடக்க முடியாமல் பாதம் தொங்குகிறதா, நுனிக்காலில் எழும்ப முடியவில்லையா என்பதையும் எழுதுங்கள். எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது, எவ்வளவு தூரம் நடந்ததும் கால் கனக்கிறது, முன்னால் குனிந்தால் இதமாக இருக்கிறதா? குனிந்தால் இதம் என்றால் தண்டுவடக் குழாய் குறுகியிருக்கலாம்.

மருந்துப் பட்டியலில் "மாத்திரை போட்டேன், கேட்கல" என்பது எதற்கும் உதவாது. பெயர், மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை வாரம், ஏன் நிறுத்தினீர்கள்: இவ்வளவும் வேண்டும். பிசியோதெரபியும் அப்படித்தான். நான்கு நாள் சூடு வைத்துக்கொண்டதை யாரும் பிசியோதெரபியாக எண்ணுவதில்லை. ஆறு வாரமாவது ஒழுங்காக உடற்பயிற்சி செய்தீர்களா என்று கேட்பார்கள். இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எந்த நிபுணர் என்பதிலும் பலர் வழிதவறுகிறார்கள். நாற்பதுக்குள் தொடங்கிய வலி, காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு, ஓய்வெடுத்தால் கூடி நடமாடினால் குறைவது என்றிருந்தால் போக வேண்டியது வாதநோய் நிபுணரிடம் (ருமட்டாலஜிஸ்ட்), அறுவை மருத்துவரிடம் அல்ல. இதைக் கவனிக்காமல் ஆண்டுக்கணக்கில் டிஸ்க்கையே துரத்துகிறவர்கள் உண்டு. சிறுநீர் அடைப்போ கட்டுப்பாடிழப்போ, மலம் அடக்க முடியாமை, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், கால் பலவீனம் கூடிக்கொண்டே போவது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் முன்பதிவுக்குக் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வலி காலுக்கு இறங்காமல் இடுப்பில் மட்டும் நின்று, முதுகெலும்பின் பின்பக்கச் சிறு மூட்டுகள்மேல் சந்தேகம் வந்தால், வலி மருத்துவர் சோதனை ஊசி போடுவார். மூட்டுக்குப் போகும் நரம்புக் கிளைகளில், ஒவ்வொன்றிலும் அரை மில்லி அளவுக்கு மரப்பு மருந்து. இது சிகிச்சை அல்ல, கேள்வி. சோதனை கெட்டுப்போவதும் இங்கேதான். காலையிலேயே வலி மாத்திரை போட்டுவிட்டு வருவார்கள். அல்லது ஊசி போட்டதும் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவார்கள். படுத்திருப்பவருக்கு வலி குறைந்ததை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. மருத்துவர் அனுமதித்தால் அன்று வலி மாத்திரையைத் தவிருங்கள் (மற்ற மருந்துகளை அல்ல). ஊசிக்கு முன் வலி பத்துக்கு எத்தனை என்று குறியுங்கள். பிறகு வழக்கமாக வலிக்கும் வேலையையே செய்து பார்த்து, ஆறு மணி நேரம், அரை மணிக்கு ஒருமுறை எண்ணை எழுதுங்கள். மரப்பு மருந்து சில மணி நேரத்தில் தீர்ந்து வலி திரும்பும். "ஊசி பலிக்கவில்லை" என்று அப்போது முடிவு கட்டாதீர்கள். இடையில் எவ்வளவு குறைந்தது என்பதுதான் விடை. வெவ்வேறு இரண்டு நாட்களில் போட்ட இரு சோதனை ஊசிக்கும் வலி நன்றாகக் குறைந்தால் அந்தக் கிளைகளை ரேடியோ அலை வெப்பத்தால் சுடுவார்கள். முதல் ஓரிரு வாரம் எரிச்சல் கூடலாம். பலன் தெரிய மூன்று, நான்கு வாரம் ஆகும். நரம்பு மீண்டும் வளர்வதால் பலருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரைதான் நிற்கும்.

காலுக்கு இறங்கும் வலிக்கு எபிடியூரல் (தண்டுவட உறைக்கு வெளியே உள்ள இடைவெளியில் போடும்) ஸ்டீராய்டு ஊசி போடுவதுண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கு அடுத்த சில நாட்கள் ரத்தச் சர்க்கரை அளவு எகிறும்; தினமும் சோதியுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நீங்களாக நிறுத்தக் கூடாது. அதைக் கொடுத்த மருத்துவரும் சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டும்.

அறுவை சிகிச்சை என்று பேச்சு வந்தால் ஒரே கேள்வி: "இது என் கால்வலிக்கா, முதுகுவலிக்கா?" பிதுங்கிய டிஸ்க்கை வெட்டியெடுப்பது முக்கியமாகக் கால்வலிக்கு. வேறொரு நிபுணரிடமும் கேட்பதென்றால் அறிக்கைத்தாள் மட்டும் போதாது, படங்கள் உள்ள சிடியும் வேண்டும். அது திறக்கிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.