தீப்பெட்டியில் ஏழு புழுக்கை

"அன்னைக்கே தெரிஞ்சிருக்குமா தம்பி?" என்று அந்த அம்மா கேட்டார். "தெரிஞ்சிருக்காதும்மா" என்றேன். இரண்டு வருஷமாகிறது. யோசிக்கக்கூட இல்லை, கேட்ட வேகத்தில் சொல்லிவிட்டேன்.

நான் வேலை பார்க்கும் கால்நடை ஆஸ்பத்திரிக்கு அவர் தீப்பெட்டியோடு வந்தது ஒரு திங்கட்கிழமை. சித்திரை வெயில். டாக்டர் உள்ளே ஒரு நாய்க்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார், வெளியே தடுப்பூசிக்கு எட்டுப் பேர். வெயிலில் தூக்கிவரப் பயந்து முயலை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். அதுவும் நியாயம்தான், முயலுக்குச் சூடு ஆகாது. பேரன் ஹாஸ்டலுக்குப் போகும்போது விட்டுப்போன முயலாம்.

தீப்பெட்டியைத் தள்ளித் திறந்து என் மேஜைமேல் வைத்தார். ஏழு புழுக்கை. கறுப்புக் கொண்டைக்கடலை அளவு இருக்க வேண்டியது மிளகளவு இருந்தது. விரலில் வைத்து நசுக்கினால் புல்தூளாக உதிர வேண்டும், இது கெட்டியாக நின்றது. இரண்டு மட்டும் ஒரு முடியில் கோத்தமாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. "முன்னெல்லாம் பெருக்கி மாளாது தம்பி. இப்ப காலையிலேர்ந்து இவ்வளவுதான்."

நன்றாக இருக்கும் முயல் ஒரு நாளைக்கு 200, 300 புழுக்கை போடும். அது எனக்குத் தெரியும். 12 மணி நேரம் ஒன்றுமே போடவில்லை என்றால் கேள்வி கேட்காமல் உள்ளே அனுப்பு என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதுதான் போடுகிறதே என்று நினைத்தேன். சிரித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேலி இல்லை, தீப்பெட்டியைப் பார்த்து வந்த சிரிப்பு. "கேரட்டைக் குறைங்க, புல்லு நிறைய போடுங்கம்மா, சரியாயிடும்."

தப்பான யோசனை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முயல் குடல் ஓடுவதே நார்ச்சத்தில்தான். அதற்கு முந்தின வாரம்தான் ஒருவர், திராட்சைக் கொத்து மாதிரி கொழகொழவென்று போகிறது, பேதி என்று பதறி வந்தார். அது முயல் தானே திரும்பத் தின்கிற புழுக்கை, தின்னாமல் விட்டதால் கண்ணில் பட்டிருக்கிறது, கடைத் தீனியை மட்டும் குறையுங்கள் என்று அனுப்பிவைத்தேன். முயல் சரியானது. அந்தத் தெம்பு எனக்கு இருந்தது.

வியாழக்கிழமை காலை முயலைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். வயிறு உப்பி, முதுகைக் குறுக்கி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. காது சில்லிட்டிருந்தது. டாக்டர் வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார். கீழ்க் கடைவாய்ப் பல் முள்ளாக வளர்ந்து நாக்கைக் கிழித்திருந்தது. முயலுக்குப் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை மெல்ல முடியாமல்தான் அது நனைத்த பிரெட்டாகத் தின்றிருக்கிறது. அந்த முயலுக்குத்தான் நான் புல்லு போடச் சொல்லியிருந்தேன். அந்த அம்மாவும் மூன்று நாளாகக் கட்டுக்கட்டாக அருகம்புல் வாங்கிப் போட்டிருக்கிறார்.

வலிக்கு ஊசி, தோலடியில் டிரிப், சூட்டுக்கு வெந்நீர்ப் பை. ராத்திரி போய்விட்டது.

"திங்கக்கிழமை பார்த்திருந்தா சார்?" என்று டாக்டரிடம் கேட்டேன். கை கழுவிக்கொண்டே, "கொண்டாரச் சொல்லி வாயைத் திறந்து பார்த்திருப்பேன். அதுக்கு மேல என்ன சொல்றது?" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் அந்த அம்மாவுக்கு அப்படிப் பதில் சொன்னேன்.

அவர் மனசு ஆறட்டும் என்றுதான் சொன்னேன். பல நாள் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். சில நாள், தீப்பெட்டி என் மேஜைவரைக்கும்தான் போனது, உள்ளே போகவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்ற பயம்தான் என்று தோன்றுகிறது. வலியை வெளியே காட்டாத பிராணி அது. அது காட்டியதெல்லாம் அந்த ஏழும்தான், அதை அவர் சரியாகப் பொறுக்கியும் வந்திருந்தார்.

இப்போதெல்லாம் முயல் வளர்க்கிறவர்களிடம் புழுக்கையைத் தினம் பாருங்கள், சிறுத்தால் படம் எடுத்து அனுப்புங்கள் என்கிறேன். நடுராத்திரியிலும் வாட்ஸப்பில் வருகிறது. எல்லாரையும் பைத்தியமாக்கிவிட்டாய் என்று டாக்டர் திட்டுகிறார். அவர் சொல்வதும் சரிதான், முக்கால்வாசி ஒன்றுமில்லாதவை.

போன மாசம் ஒரு பையன், அவன் முயல் செத்த பிறகு, அதே கேள்வியைக் கேட்டான். அவன் முதல் நாள் அனுப்பிய படம் என் போனில் இருந்தது. மறுநாள் மத்தியானம்தான் திறந்திருந்தேன்.

"தெரிஞ்சிருக்காதுப்பா" என்றேன்.